விடிய விடிய ஆடும் தபசை இரண்டு மணித்தியாலத்தில் எப்படி ஆடுவது?

கேள்வி: மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் இளைஞர் மன்றத்திலிருந்து எழுதுகிறோம். முன்பு எங்கள் கோயில் முற்றத்தில் விடிய விடிய நடந்த 'அருச்சுனன் தபசு' கூத்தைத் திரும்ப ஆட முடிவெடுத்திருக்கிறோம். கூத்து மாஸ்டருக்கு 74 வயது. அவருடைய கையெழுத்துக் கொப்பி இருக்கிறது. ஆட 14 பேர் இருக்கிறோம், அதில் 2 பெண்பிள்ளைகள். இரண்டு தப்பு மேளம், ஒரு உடுக்கு, ஜால்ரா உண்டு. ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் டவுனில் ஒரு மண்டபம் கிடைத்திருக்கிறது. ஆனால் 2 மணித்தியாலம்தான் தருவார்களாம். மேடை வாயின் அகலம் 24 அடி, உயரம் 12 அடி. எதை வெட்டுவது? தபசு மரத்தை உள்ளே எப்படி வைப்பது? ஒத்திகையில் தப்புச் சத்தத்துக்குள் பாட்டே கேட்கவில்லை. பெண்பிள்ளைகள் பாஞ்சாலியும் பார்வதியும் ஆடுவதைச் சில பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் 10 கிழமை இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, எதை வெட்டுவது என்று கேட்பதற்கு முன் எதில் கை வைக்கக்கூடாது என்று தீர்மானியுங்கள். சிவனிடம் பாசுபத அஸ்திரம் பெற அருச்சுனன் தவம் இருக்கிற கதை இது. இந்தக் கூத்தின் உயிர், அந்தத் தவத்துக்காக அவன் மரம் ஏறுகிற இடம். ஒரு படிக்கு ஒரு பாட்டாக அவன் மேலே போகப்போக, கீழே இருக்கிற சனமும் அவனோடு ஏறுகிறது. அந்த இடத்தை அவசரமாக ஓட்டிவிட்டு மற்றதையெல்லாம் முழுசாக ஆடினாலும், பார்த்தவர்களுக்குத் தபசு பார்த்த நிறைவு வராது. மற்ற எல்லாவற்றையும் குறுக்குங்கள், மரம் ஏறுவதை மட்டும் நிதானமாக விடுங்கள்.

விடிய விடிய ஆடுகிற கூத்து கதை நீளத்தால் அவ்வளவு நேரம் எடுப்பதில்லை. கொப்பியை எடுத்து ஒரு பாட்டுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று கைபேசியில் கணக்கெடுத்துப் பாருங்கள். ஆடுகிறவர் ஒரு அடி பாடுவார், பின்பாட்டுக்காரர் அதையே திருப்பிப் பாடுவார்கள், தப்பு ஒரு சுற்று அடிக்கும், பிறகு அதே பொருளை வசனமாகச் சொல்வார்கள். நாலடிப் பாட்டு ஒன்றுக்கு இப்படி மூன்று நாலு நிமிடம் போய்விடும். ஒவ்வொரு பாத்திரமும் முதல் தடவை வரும்போது திரைக்குப் பின்னால் விருத்தம், பிறகு வரவுப் பாட்டு, பிறகு 'நான் இன்னார்' என்ற விளக்கம் என்று நேரம் ஓடும். கோயில் முற்றத்தில் இதற்கெல்லாம் காரணம் உண்டு. சனம் வரும், போகும், பிள்ளை தூங்கி எழும்பும், தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து உட்காரும். தவறவிட்டவருக்கும் கதை புரிய வேண்டுமென்றால் திருப்பிச் சொல்லத்தான் வேண்டும். மண்டபத்தில் எல்லோரும் ஆரம்பத்திலிருந்து ஒரே இடத்தில் இருப்பார்கள். ஆகவே முதலில் போக வேண்டியது இந்தத் திருப்பிச் சொல்லல்தான்.

இதில் ஒரு எச்சரிக்கை. பாட்டை வைத்துக்கொண்டு வசனத்தை எல்லாம் வெட்டிவிடாதீர்கள். பழைய பாட்டின் சொற்கள் இன்றைய பிள்ளைகளுக்கு ஒரே கேட்பில் விளங்காது. பின்பாட்டை ஒரு தடவையாகக் குறைத்து, பாட்டை அடுத்து இரண்டு வரி வசனம் மட்டும் வையுங்கள். வரவை முழு முறையோடு ஒருவருக்குத்தான் கொடுக்க வேண்டும், அது அருச்சுனனுக்கு. தருமரும் பாஞ்சாலியும் மேடையில் ஏற்கனவே இருக்கும்போதே திரை விலகட்டும்.

நேரத்தை 120 நிமிடத்துக்குத் திட்டமிட வேண்டாம், 110க்குத் திட்டமிடுங்கள். காப்புப் பாட்டும் அருச்சுனன் வரவும் 10, வனத்தில் அண்ணனிடமும் பாஞ்சாலியிடமும் விடைபெறுவது 20, வழிப்பயணம் 10, மரம் ஏறித் தபசு நிற்பது 25, பன்றி 10, வேடனோடு வழக்கும் மற்போரும் 25, பாசுபதம் பெறுவதும் மங்களமும் 10. மிச்சம் 10 நிமிடம் எப்படியும் கரைந்துவிடும். தபசைக் கலைக்க வரும் பெண்களின் காட்சியை முழுதாக எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. அதை ஆட நல்ல பழக்கமுள்ள நாலு பேர் வேண்டும், உங்களிடம் ஆள் இல்லை. அரைகுறையாக ஆடினால் சிரிப்புக் காட்சியாகி, அடுத்து வரும் பன்றியின் பயத்தையும் கெடுத்துவிடும். கோமாளியை வழிப்பயணத்தில் மட்டும் வையுங்கள்.

வெட்டுவதை நீங்கள் தனியாகச் செய்யக்கூடாது. கொப்பியைப் போட்டோ கொப்பி எடுத்து, அந்தப் பிரதியில் பென்சிலால் கோடு போட்டு, மாஸ்டருக்குப் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டுங்கள். மூலக் கொப்பியில் ஒரு புள்ளியும் வைக்காதீர்கள். சில பாட்டு அடுத்த காட்சிக்குத் தாளம் மாற்றிக் கொடுக்கிற பாட்டாக இருக்கும். கடதாசியில் தேவையில்லாதது போலத் தெரியும், எடுத்துவிட்டால் தப்புக்காரர் எங்கே திரும்புவது என்று தெரியாமல் நிற்பார். அது மாஸ்டருக்குத்தான் தெரியும்.

இனி மரம். வெளியில் நடுகிற மாதிரி உயரமான ஒற்றைக் கம்பம் மண்டபத்துக்குள் சரிவராது. பலகைத் தரையில் அதை ஊன்ற முடியாது, கயிறு கட்டி இழுக்கவும் இடமில்லை. மரம் மாதிரி உடுத்திய ஒரு கோபுரம் செய்யுங்கள். உயரத்தை ஆளின் தலையை வைத்து அளக்காதீர்கள், தூக்கிக் கூப்பிய கையை வைத்து அளந்து பாருங்கள். ஐந்தரை அடி ஆள் கையைத் தூக்கினால் ஏறக்குறைய 7 அடி. மேடை வாய் 12 அடி. ஆகவே அவர் நிற்கும் தட்டு நாலரை அடிக்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேல் போனால் முன்வரிசையில் இருப்பவருக்குக் கை தெரியும், பின்வரிசையில் இருப்பவருக்கு மேல்திரை மறைக்கும். நாலரை அடி என்றால் 54 அங்குலம். படிக்கு 9 அங்குலமாக 6 படி வரும். ஆறு படிக்கு ஆறு பாட்டு. கொப்பியில் எத்தனை பாட்டு இருந்தாலும் மாஸ்டரே ஆறைத் தெரிந்து தரட்டும்.

கோபுரத்தின் அடி 4 அடிக்கு 3 அடியாவது இருக்க வேண்டும். மேல்தட்டு இரண்டடிச் சதுரம் போதும். 2 அங்குலத்துக்கு 3 அங்குலச் சட்டத்தால் நாலு கால், நாலு பக்கமும் குறுக்குச் சட்டம். குறுக்குச் சட்டம் இல்லாவிட்டால் கால் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் கோபுரம் பக்கவாட்டில் ஆடும். மேலே நிற்பவர் ஒரு கால் மாற்றும்போதுதான் அந்த ஆட்டம் தெரியவரும், அப்போது பிந்திவிடும். ஆணியால் மட்டும் அடிக்காமல் மூலைகளில் போல்ட் போடுங்கள். பழைய லயத்து வீடுகளின் கூரைச் சட்டங்களை எடுக்க ஆசை வரும். கறையான் அரித்ததா, ஆணித் துவாரம் நிறைய இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து எடுங்கள். தட்டுக்கு 18 மில்லிமீற்றர் பிளைவூட். அடியில் நாலு மூலைக்கும் 25 கிலோ மணல் மூட்டை ஒவ்வொன்று. செய்து முடித்ததும், ஆடுகிறவரை விடப் பாரமான ஒருவரை ஏற்றி, மேலே நின்று இரண்டு பக்கமும் சாய்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தட்டின் பின்புறமும் இரண்டு பக்கமும் மூன்றடி உயரத்துக்குக் கம்பு வேலி வரட்டும். அதன் மேல் கவ்வாத்து மிலாறை, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகளைக் கட்டினால் மரக்கிளையாகிவிடும். தோட்டத்தில் காய்ந்து கிடக்கும் மிலாறு வளைந்து நெளிந்து இருப்பதால் வெளிச்சத்தில் தவம் செய்கிற காட்டு மரம் போலவே தெரியும், காசும் இல்லை. மரத்தண்டாகத் தட்டுக்குப் பின்னால் எழும்பி நிற்கும் நடுக் கம்புக்குச் சாக்கை நனைத்துச் சுற்றி, மடிப்பு மடிப்பாகக் காயவிட்டு, தேயிலைச் சாயமும் கரியும் பூசுங்கள். படியின் மேல் மணல் கடதாசி ஒட்டுங்கள். வெறுங்கால் வியர்வையில் வழுக்கும். ஆட்டக்காரரின் உடுப்பு கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நிற்கட்டும், கீழே தொங்கினால் மூன்றாம் படியில் கால் சிக்கும். ஏறும்போது கிரீடம் வேண்டாம், தபசுக் கோலத்துக்குச் சடைமுடிதான். விடைபெறும் காட்சியிலேயே கிரீடத்தையும் புஜகீர்த்தியையும் கழற்றிப் பாஞ்சாலி கையில் கொடுத்துவிட்டால் உள்ளே போய் வேஷம் மாற்றும் நேரம் மிச்சமாகும். பார்ப்பவர்களுக்கும் அது மனதில் நிற்கும்.

சாக்கு, மிலாறு, பலகை எல்லாம் நெருப்புக்கு ஏற்ற சாமான். மேடையில் கற்பூரம் கொளுத்தவே வேண்டாம். ஆரத்தியைத் திரை திறக்க முன்பு மண்டப வாசலில் காட்டி முடித்துவிடுங்கள். மேலேயிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் போடுகிற வழக்கத்தையும் உள்ளே பூவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உருண்ட எலுமிச்சம்பழத்தில் ஆடுகிறவர் கால் வைப்பார், விபூதி பலகையை வழுக்கலாக்கும்.

ஒற்றைக்காலில் நிற்பது அடுத்த கவலை. முழங்காலை இறுக்கி ஆடாமல் நிற்கும்போது இரத்தம் காலிலேயே தேங்கும், தலைக்குக் குறையும். விரதம் இருப்பவராக இருந்தால் தலைசுற்றல் இன்னும் சீக்கிரம் வரும். ஆகவே உண்மையான ஒற்றைக்கால் 3 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அந்த நடுக் கம்பில், தட்டிலிருந்து முழங்கால் உயரத்தில், சனத்துக்குத் தெரியாதபடி ஒரு கைப்பிடியளவு கட்டையை அடியுங்கள். மடக்கிய காலின் பாதம் பின்னால் அதில் ஊன்றி நிற்கும். முன்னாலிருந்து பார்த்தால் ஒற்றைக்காலாகவே தெரியும். நிற்கும் முழங்காலை மயிரிழை அளவு தளர்த்தி வைக்கப் பழக்குங்கள். கோபுரத்தின் பின்னால் முழு நேரமும் ஒருவர் இருக்க வேண்டும். ஆடுகிறவருக்குத் தலைசுற்றினால் விரலால் வேலியை இரண்டு தட்டு தட்டுவார், உடனே பின்னாலிருப்பவர் இடுப்பைப் பிடிப்பார், தப்பு அடுத்த பாட்டுக்குப் போகும். இதையும் ஒத்திகை பாருங்கள். விரதகாரர் அன்று காலையில் பழமும் பாலும் எடுப்பதில் தவறில்லை என்று கோயில் பெரியவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார்.

தப்புச் சத்தத்துக்கு மைக் மருந்தல்ல. மைக்கைக் கூட்டினால் அது தப்பையும் சேர்த்து இழுக்கும், பிறகு ஊளையிடும். முதலில் அடிக்கிற முறையைப் பாருங்கள். பாட்டு நடக்கும்போது அடிக்குச்சியை நிறுத்தி, மெல்லிய சுண்டுக்குச்சியால் விளிம்பில் மட்டும் தாளம் பிடிக்க வேண்டும். அடி முடிந்து பின்பாட்டு எடுக்கிற இடத்தில்தான் முழு அடி. முற்றத்தில் சத்தம் வெளியே போய்விடுவதால் அங்கே இது பிரச்சினையாக இருந்திருக்காது. நாலு சுவருக்குள் அடித்த சத்தம் திரும்பி வந்து சொல்லை விழுங்கும். தப்புக்காரர் இருவரையும் மேடையின் ஓரத்தில், தப்பின் முகம் சனத்தைப் பார்க்காமல் பக்கத்திரையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் போதாவிட்டால் மேடை விளிம்பில் இரண்டு மைக் போதும். ஆளுக்கொரு மைக் கொடுத்தால் மற்போரில் அது என்னாகும் என்று யோசியுங்கள்.

இன்னொன்று, ஈரம். ஜூலை மாதம் உங்கள் பக்கம் தென்மேல் பருவக்காற்றின் நடு. தோல் ஈரத்தை இழுத்துத் தளர்ந்து, தப்பு 'பொத் பொத்' என்று அடிக்கும். முற்றத்தில் சருகைக் கொளுத்திக் காய்ச்சிவிடுவீர்கள், மண்டபத்துக்குள் முடியாது. பின்வாசலுக்கு வெளியே, கூரை ஓரத்தில், ஒரு இரும்புத் தாச்சியில் கரித்தணலும் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் வைத்து, அதற்கென்று ஒருவரை நிறுத்துங்கள். இரண்டு தப்பு போதாது, மூன்றாவதொன்றை இரவல் வாங்குங்கள். இரண்டு மேடையில், ஒன்று தணலில், காட்சிக்குக் காட்சி மாற்றுங்கள். மண்டபத் திகதியை மாற்ற முடியுமானால் மாசிக்குக் கொண்டுபோவது எல்லா வகையிலும் நல்லது. மன்மதன் கதையை ஆடுகிற காமன் கூத்து நடக்கிற மாதம் அது. மேற்குப் பக்க மலைகளில் வானம் வெளித்திருக்கும், பாதையும் மண் சரியாமல் இருக்கும். முடியாவிட்டால் மழைக்கு ஆயத்தமாக இருங்கள். உடுப்பையும் ரெஜிபோம் என்ற இலேசான நுரைப்பலகையில் செய்த கிரீடங்களையும் பொலித்தீன் பையில் கட்டிக் கொண்டுபோங்கள்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் நான் அவர்கள் பக்கம். பெரியவர்களின் தயக்கத்தை மதித்தே பேசுங்கள். கோயில் முற்றத்தில் நேர்த்திக்காக ஆடுவதும் டவுன் மண்டபத்தில் ஆடுவதும் வேறு வேறு என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லலாம். முற்றத்து முறையில் நீங்கள் கை வைக்கவில்லையே. அதோடு ஒரு தொழில் காரணமும் இருக்கிறது. கூத்துச் சுருதி உயரமானது. மாஸ்டர் 5 கட்டையில் பாடுகிறவராக இருந்தால், பெண் குரலுக்கு அது இயல்பான சுருதி, திணறப்போவது பையன்கள்தான். எல்லோருக்குமாக 4 கட்டைக்கு இறக்கிப் பார்த்து, பாஞ்சாலியின் புலம்பலை அந்தப் பிள்ளை பாடுவதை ஒரு நாள் பெரியவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வையுங்கள். வாதம் செய்வதை விட அது பலிக்கும். பையன்கள் முதல் நாலு கிழமைக்குக் கத்திப் பாடவே வேண்டாம், பாதிக் குரலில் சொல்லைத் திருத்தட்டும். கத்திப் பாடுவதுதான் குரல் அடைக்க நேர்வழி.

பன்றிக்கு வருவோம், ஏனென்றால் மண்டபத்தில் சனம் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அருச்சுனன் அம்பும் வேடனாக வந்த சிவனின் அம்பும் ஒரே நேரத்தில், பன்றியாக வந்த மூகாசுரன் மேல் பாய்ந்ததால்தான் வழக்கே வருகிறது. அது கண்ணுக்குத் தெரியாவிட்டால் அடுத்த 25 நிமிடமும் விளங்காது. உண்மையில் அம்பு விடாதீர்கள், ஒருவரும் அதைப் பார்க்க மாட்டார்கள், யாராவது காயப்படுவார். மூங்கில் பிளாச்சில் கூடு கட்டி, சாக்குப் போர்த்தி, முதுகில் கித்துள் நார் வைத்துத் தைத்தால் நல்ல கறுப்புப் பன்றி. சனத்துக்குத் தெரியாத பக்கத்து விலாவில் இரண்டு பாதி அம்பைச் சிறு கீல் வைத்துப் படுக்கப் போடுங்கள், ஒன்றுக்குச் சிவப்பு இறகு, மற்றதற்கு வெள்ளை. உள்ளே இருப்பவர் கையில் ஒரு நூல். இரண்டு வில்லும் வளைகிறது, தப்பு ஒரு அடி, பன்றி துள்ளித் திரும்புகிறது, நூலை இழுத்ததும் இரண்டு அம்பும் எழும்பி நிற்கிறது. நூல் மீன் தூண்டில் நூலாக இருக்கட்டும், தையல் நூல் சாக்கில் உரசி அறும். உள்ளே இருப்பவருக்கு மூச்சுவிட மூக்குப் பக்கம் இடைவெளி விடுங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் அவரை உள்ளே வைக்காதீர்கள்.

மற்போருக்கு மூன்றே மூன்று பிடி போதும், எட்டு எண்ணிக்கைக்கு ஒரு பிடியாக மெதுவாகப் பழகி, கடைசி இரண்டு கிழமையில்தான் வேகம் கூட்ட வேண்டும். அருச்சுனன் வில்லால் வேடனை அடிக்கிற அடியை மட்டும் விசேஷமாகச் செய்யுங்கள். வில்லிபாரதத்தில் அந்த ஒரு அடி எல்லா உயிர்கள் மேலும் பட்டதாகப் பாடப்படுகிறது. வில் வேடனின் தோளுக்கு ஒரு சாண் முன்னால் நிற்கட்டும். அந்தக் கணத்தில் மூன்றாவது தப்பு மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு அடி. மேடையில் இருக்கிற பின்பாட்டுக்காரர், பார்வதி, தப்புக்காரர் எல்லோரும் தாங்களே அடிபட்டது போலத் தோளைக் குறுக்க வேண்டும். பிறகு மூன்று எண்ணும்வரை ஒரு சத்தமும் வேண்டாம். இதற்கு விளக்கோ புகையோ எதுவும் தேவையில்லை.

வெளிச்சத்துக்கு 50 வாட் எல்.இ.டி. விளக்கு நாலு, இரண்டு முன்னாலும் இரண்டு பக்கத்திலும். மின்சாரம் நின்றால் என்று சார்ஜ் விளக்கு இரண்டு. அவ்வளவுதான்.

அனுமதி விஷயத்தைக் கடைசிக் கிழமைக்கு வைக்காதீர்கள். எழுத்துருவை முன்கூட்டியே காட்டி அனுமதி எடுக்க வேண்டியிருக்கலாம். பிரதேச செயலகத்துக் கலாசார உத்தியோகத்தரை இந்தக் கிழமையே சந்தித்து விசாரியுங்கள், வெட்டிய பிரதியைத் தட்டெழுதியதும் கொண்டுபோய்க் காட்டுங்கள். சவுக்கு மரமோ மூங்கிலோ வெட்டுவதாக இருந்தால் தோட்ட நிருவாகத்திடம் தோட்டத் தலைவர் மூலமாக எழுத்தில் கேளுங்கள். காட்சியைப் பிற்பகல் 3 மணிக்கு வையுங்கள். 5 மணிக்கு முடிந்தால்தான் தோட்டத்துச் சனம் இருட்டவும் மழை பிடிக்கவும் முன்பு பஸ் பிடிக்கலாம்.

ஒத்திகை கிழமைக்கு இரண்டு வேலை நாளில் ஒன்றரை மணித்தியாலம் வீதம், ஞாயிறு ஒரு தரம் மூன்று மணித்தியாலம். நாள் முழுதும் மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வருகிறவர்களை இரவு ஒன்பது மணி தாண்டி நிற்க வைக்காதீர்கள். முதல் மூன்று கிழமை பாட்டும் தாளமும், நாலாம் கிழமையிலிருந்து ஆட்டம், ஆறாம் கிழமைக்குள் கோபுரம் தயாராகி பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற இடத்தில், நிற்க வேண்டும். கடைசி நாளில்தான் மரம் ஏறுவது என்று விட்டுவிட்டால் பாட்டும் படியும் ஒன்றோடொன்று சேராது.

இதற்கெல்லாம் முன்பு ஒரு வேலை. வருகிற ஞாயிறே மாஸ்டரை ஒரு மூடிய அறையில் உட்கார வைத்து, வெட்டாத முழுக் கூத்தையும் பாடவைத்துப் பதிவு செய்யத் தொடங்குங்கள். தகரக் கூரையில் மழை விழுகிற நேரம் வேண்டாம். கைபேசியை மேசையில் மடித்த துவாயின் மேல், அவர் வாயிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள், விமானப் பயன்முறையில் போட்டு. ஒரே மூச்சில் கேட்காதீர்கள், 74 வயதுக் குரல். ஒரு நாளைக்கு 40 நிமிடம், நடுவில் சுடுதண்ணி, அப்படி ஏழெட்டு நாள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் திகதி, தோட்டத்தின் பெயர், எந்தக் காட்சி, என்ன தாளம் என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். தாளம் இல்லாமல் ஒரு தடவை, தாளத்தை மேசையில் தட்டி ஒரு தடவை. ஒவ்வொரு நாள் பதிவையும் அன்றிரவே இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைத்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு பென்சிலைக் கையில் எடுங்கள்.